நன்கொடைப் பொருட்களைக் கொண்டு அறிவியல் வகுப்பு: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு

மேசைமேல் ஒரே ஒரு லென்ஸ், சுற்றி 40 மாணவர்கள். ஆசிரியர் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார். முன்வரிசைக்குத் தெரிகிறது, பின்வரிசை எம்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. கால அட்டவணையில் இதற்குப் பெயர் செய்முறை வகுப்பு, ஆனால் செய்தவர் ஆசிரியர் ஒருவர்தான். இதை மாற்றப் பெரிய ஆய்வகம் வேண்டாம். 20 லென்ஸ் இருந்தால் இருவருக்கு ஒன்று வந்துவிடும். அந்த 20-உம் யார் யார் வீட்டு அலமாரியிலோ பழைய மூக்குக்கண்ணாடிகளாகச் சும்மா கிடக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், வந்ததைச் சோதித்துப் பிரிக்க வேண்டும், பாடத்தோடு சேர்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. விலைக்கு வாங்கும் ஆய்வகப் பெட்டியில் எல்லா லென்சும் ஒரே மாதிரி இருக்கும், எல்லாப் பேட்டரியும் புதிதாக இருக்கும். நன்கொடையாக வருபவை அப்படி இருக்காது. ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. ஒன்றில் சார்ஜ் இருக்கும், ஒன்றில் பாதி தீர்ந்திருக்கும். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் நன்கொடைப் பொருளின் பெரிய பலம். பொருள் வேறு வேறாக இருந்தால் குழுவுக்குக் குழு விடையும் வேறு வேறாக வரும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுத வழியில்லை. “உனக்கு ஏன் 50 வந்தது, எனக்கு ஏன் 33 வந்தது?” என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

கிடைத்ததை வைத்து அறிவியல் நடத்துவது புதிய யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளும் ஆய்வகங்களும் அழிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக, எளிய பொருட்களைக் கொண்டு கருவிகள் செய்வது எப்படி என்று யுனெஸ்கோ 1948-இல் ஒரு கையேடு வெளியிட்டது. அது உலகெங்கும் தேவைப்பட்டதால் 1956-இல் விரிவான நூலாக வந்தது.

முதலில் பாடம், அப்புறம் பொருள்

“பழைய பொருள் ஏதாவது இருந்தால் கொடுங்கள்” என்று கேட்டால் ஏதாவதுதான் வரும். இரண்டு வாரத்தில் வகுப்பின் மூலையில் ஒரு குவியல் சேரும், அதைத் தொட உங்களுக்கே மனம் வராது. ஆகவே அடுத்து நடத்தப்போகும் பாடங்களில் மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: மாணவர் எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறார்? அப்போது அவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

“ஒளிவிலகல்” என்று தலைப்பை மட்டும் எழுதினால் பட்டியல் பிறக்காது. “இந்த லென்ஸ் தூரத்து மரத்தின் பிம்பத்தை எத்தனை செ.மீ. தள்ளி விழவைக்கிறது?” என்று எழுதிப் பாருங்கள். லென்ஸ், அளவுகோல், வெள்ளை அட்டை என்று தேவையானவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

எண்ணிக்கையையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு குழுவுக்கு இருவர் நல்லது, மூவர் சமாளிக்கலாம். நான்கு பேர் என்றால் ஒருவர் வேடிக்கைதான் பார்ப்பார். குழுக்களின் எண்ணிக்கைக்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் கேளுங்கள். சிலது உடையும், சிலது வேலை செய்யாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. விலை உயர்ந்த கருவியை மாணவர் கையில் கொடுக்கும்போது நமக்கும் பதற்றம், அவர்களுக்கும் பயம். உடைந்தால் இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் கழற்றிப் பார்ப்பார்கள், தப்பாக மாட்டிப் பார்ப்பார்கள், மறுபடி மாட்டுவார்கள்.

கேட்கும் விதம்

கேட்கும் குறிப்பு சின்னதாக இருக்கட்டும், பொருளின் பெயர் துல்லியமாக இருக்கட்டும். எதற்காக என்பதையும் எந்த நிலையில் இருந்தால் போதும் என்பதையும் சொல்லுங்கள். கடைசித் தேதியும் வேண்டும். இப்படி:

“ஏழாம் வகுப்பு மாணவர்கள் லென்சுகளை அளந்து பார்க்கப்போகிறார்கள். வீட்டில் பயன்படாமல் இருக்கும் மூக்குக்கண்ணாடிகள் 25 தேவை. பிரேம் உடைந்திருந்தாலும், பவர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணாடியில் விரிசல் மட்டும் இருக்கக் கூடாது. வரும் வெள்ளிக்குள் கொடுத்தனுப்புங்கள்.”

பவர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்ற வரி முக்கியம். தங்களிடம் இருப்பது நல்ல நிலையில் இல்லை என்று தயங்கியே பலர் கொடுக்காமல் விடுகிறார்கள். அப்புறம், பெற்றோரோடு நின்றுவிட வேண்டாம். கண்ணாடிக் கடையில் திரும்பக் கொடுத்த பழைய லென்ஸ் இருக்கும். மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் செம்புக் கம்பித் துண்டுகள் இருக்கும். பட்டறையில் ஜோடி சேராத போல்ட்டும் நட்டும் டப்பாவில் கிடக்கும். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்காமல், அவரவர் தொழிலில் மிஞ்சுவதை மட்டும் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்.

ஒரு மாணவர் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவர முடியாமல் போகலாம். அது யார் என்பது வகுப்புக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பெட்டி வைத்தால் போதும். யார் போட்டது, யார் போடவில்லை என்ற கணக்கு மாணவர்கள் முன்னால் வேண்டாம்.

வாங்கக் கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நல்ல மனத்தோடு கொடுக்கப்படும் பொருளும் ஆபத்தானதாக இருக்கலாம். மறுக்க வேண்டியதை வாசலிலேயே மறுப்பது உங்கள் வேலை.

பாதரசம் உள்ள எதுவும் வேண்டாம்: பழைய தெர்மாமீட்டர், பழைய இரத்த அழுத்தமானி, குழல் விளக்கு, சிஎஃப்எல் பல்பு. உடைந்தால் பாதரச ஆவி அறையில் தங்கும். லேபிள் இல்லாத பாட்டிலில் உள்ள எந்த ரசாயனமும் வேண்டாம், கொடுப்பவர் “இது வெறும் உப்புதான்” என்று சொன்னாலும். மூடிய ஆய்வகங்களிலிருந்து வரும் பழைய ரசாயனங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் வற்றிய பிக்ரிக் அமிலம் வெடிக்கக் கூடியது. நாள்பட்ட ஈதரில் பெராக்சைடுகள் உருவாகியிருக்கலாம், அவையும் வெடிக்கும். அந்தப் பாட்டில்களைத் திறக்கவோ நகர்த்தவோ செய்யாமல், ரசாயனக் கழிவைக் கையாளத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

பயன்படுத்திய சிரிஞ்சு கூடவே கூடாது. புதிதாக, உறை பிரிக்காமல், ஊசி இல்லாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். காலாவதித் தேதி தாண்டியிருந்தால் மருத்துவத்துக்கு ஆகாது, ஆனால் தண்ணீரும் காற்றும் அடைத்துச் சோதனை செய்ய அது தடையில்லை.

கழற்றிப் பார்ப்பதற்கான மின்பொருட்களுக்கு நான் சொல்லும் விதி எளியது: பேட்டரியில் ஓடியதை வாங்குங்கள், சுவர் பிளக்கில் ஓடியதை வாங்காதீர்கள். பழைய பெட்டி டிவி, மைக்ரோவேவ் அடுப்பு, கணினியின் பவர் சப்ளை ஆகியவற்றில் உள்ள கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கும். பேட்டரி விதிக்கும் ஒரு விலக்கு உண்டு, அது ஃபிளாஷ் உள்ள கேமரா. சிறிய பேட்டரிதான் என்றாலும் ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை ஏறும். அதையும் திருப்பி அனுப்புங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியும் வேண்டாம்.

காந்தமும் பட்டன் செல்லும் சிறு குழந்தைகள் உள்ள வகுப்பில் தனிக் கவலை. ஹார்டு டிஸ்கில் இருக்கும் நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே விரல் மாட்டினால் தோல் கிழியும். சிறிய காந்தம் இரண்டை விழுங்கினால் அவை குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டையே போட்டுவிடும். பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே தசையை அரித்துவிடும். ஆரம்பப் பள்ளிக்கு இவை வேண்டவே வேண்டாம். பழைய ஸ்பீக்கரின் பெரிய கறுப்புக் காந்தம் போதும்.

பலூனும் ரப்பர் கையுறையும் வாங்குவதற்கு முன் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள மாணவர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

வந்ததைப் பிரிப்பதே முதல் பாடம்

பொருள் வந்ததும் நீங்களே மாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிடாதீர்கள். ஆபத்தானதை மட்டும் நீங்கள் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை மாணவர்கள் பிரிக்கட்டும். எதை வைத்துப் பிரிப்பது என்று யோசிப்பதே வகைப்படுத்தும் பாடம்.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். பென்சில் செல்கள் ஒரு டப்பா நிறைய வந்திருக்கின்றன. எது நல்லது, எது தீர்ந்தது என்று பார்த்தால் தெரியாது. வெள்ளைத் தூள் கசிந்திருப்பவற்றை நீங்கள் கையுறையோடு முதலில் விலக்கிவிடுங்கள். ஆல்கலைன் செல்லில் கசிவது காரம், தோலை அரிக்கும். மற்றவற்றை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். புதிய செல் 1.5 வோல்ட் அல்லது சற்று அதிகம் காட்டும். சில பழையவை 1.3, 1.4 என்று காட்டும். மாணவர்கள் “இது நல்லது” என்று ஒரு பக்கம் வைப்பார்கள். இப்போது அதே செல்லில் டார்ச் பல்பை மாட்டி, பல்பு எரியும்போதே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 1.4 காட்டிய ஒன்று 1.3-இல் நிற்கும், 1.4 காட்டிய இன்னொன்று சடாரென்று 0.8-க்கு இறங்கும்.

அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணைத்தானே காட்டின? பழைய செல்லின் உள்ளே மின்தடை கூடியிருக்கிறது. மின்னோட்டம் போகாதவரை அது தெரியாது, போக ஆரம்பித்ததும் வோல்ட்டின் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடுகிறது. உள் மின்தடை என்ற சொல்லை நீங்கள் அதற்குப் பிறகு சொன்னால் போதும். புத்தம் புது செல்கள் 20 வாங்கியிருந்தால் இந்தப் பாடமே நடந்திருக்காது.

லென்ஸ் வகுப்பு, கொஞ்சம் நெருக்கமாக

கண்ணாடிகளைச் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். பிரேமிலிருந்து லென்ஸைக் கழற்ற வேண்டாம். கைப்பிடி போல பிரேமையே பிடித்துக்கொள்ளலாம், விளிம்பும் கீறாது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய ஒட்டுத்தாள் ஒட்டுங்கள்.

முதல் வேலை: அச்சிட்ட தாளின்மேல் லென்ஸைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவது. எழுத்து பெரிதானால் குவிலென்ஸ், சிறிதானால் குழிலென்ஸ். ஒரே கண்ணாடியில் மேல்பாதியில் ஒன்றும் கீழ்ப்பாதியில் வேறொன்றும் தெரிந்தால் அது பைஃபோகல். எழுத்து பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை, ஆனால் லென்ஸைச் சுழற்றினால் கோடு சாய்கிறது என்று ஒருவர் ஓடிவருவார். அது உருளை வளைவு உள்ள லென்ஸ். கருவிழியின் வளைவு சீராக இல்லாத ஒருவருக்காகச் செய்தது. ஆய்வகப் பெட்டியில் இது கிடைக்கவே கிடைக்காது.

இரண்டாவது வேலை: குவிலென்ஸ்களின் குவியத்தூரம். அறையை இருட்டாக்கி ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்து லென்ஸைப் பிடிக்க, இன்னொருவர் அதன் பின்னால் வெள்ளை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்துவார். வெளியே நிற்கும் மரம் அட்டையில் சின்னதாக, தலைகீழாக, அதன் நிறத்தோடு வந்து விழும். கூர்மையாக விழும் இடத்தில் அட்டைக்கும் லென்சுக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். மரம் தொலைவில் இருப்பதால் அதுவே ஏறக்குறையக் குவியத்தூரம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாணவர்கள் மரத்தை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியின் பிம்பத்தைக் கூர்மையாக்கிவிடுவார்கள். ஜன்னல் 3 மீட்டரில் இருந்தால், 50 செ.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸ் அதன் பிம்பத்தை 60 செ.மீ.-இல் காட்டும். 20 மீட்டருக்கு அப்பால் உள்ள மரத்தைப் பிடித்தால் 51 செ.மீ. அளவில் வரும். இரண்டையும் பிடிக்கச் சொல்லி, ஏன் மாறுகிறது என்று அவர்களையே கேளுங்கள்.

பிறகு 100-ஐ அந்தச் செ.மீ. அளவால் வகுக்கச் சொல்லுங்கள். 50 செ.மீ. என்றால் 2, அந்தக் கண்ணாடியின் பவர் பிளஸ் 2. சுமார் 33 என்றால் பிளஸ் 3. கொடுத்தவருக்குத் தன் பவர் தெரிந்திருந்தால், அதை ஒரு தாளில் வாங்கி மடித்து வைத்து, மாணவர்கள் கண்டுபிடித்த பிறகு திறந்து காட்டுங்கள். தன் கையால் அளந்த எண் ஒருவரின் மருந்துச் சீட்டோடு ஒத்துப்போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு பாராட்டு தேவையில்லை.

நேரம் மிச்சமிருந்தால் 50 செ.மீ. லென்ஸையும் 10 செ.மீ. குவியத்தூரமுள்ள பூதக்கண்ணாடியையும் அட்டைக் குழாயின் இரு முனைகளில் 60 செ.மீ. இடைவெளியில் பொருத்துங்கள். 5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி தயார். காட்சி தலைகீழாகத்தான் தெரியும். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறோமே என்று தயங்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் லென்ஸ்களைத் துணியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் திறந்து கிடந்தால் தீப்பிடிக்கலாம்.

போல்ட்டு ஊசல்

ஜோடி சேராத போல்ட்டுகள் ஊசல் பாடத்துக்கு அருமையாகப் பொருந்தும். நூலில் கட்டித் தொங்கவிட்டு 10 அலைவுகளுக்கு எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு. 25 செ.மீ. நீளமான ஊசல் ஏறக்குறைய 10 வினாடி எடுக்கும். 1 மீட்டர் என்றால் 20. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான்.

எடை கூடினால் நேரம் மாறாது என்று பாடம் சொல்கிறது. ஆனால் 10 செ.மீ. நீளமுள்ள கனமான போல்ட்டைக் கட்டிய குழு “எங்களுக்கு 11 வினாடி வருகிறது” என்று நிற்கும். திருத்திவிடாதீர்கள். நூல் 25 செ.மீ. சரிதான், ஆனால் போல்ட்டின் நடுப்புள்ளி இன்னும் 5 செ.மீ. கீழே இருக்கிறது. ஊசலின் உண்மையான நீளம் 30 செ.மீ., அதற்கு 11 வினாடிதான் வரும். அதே போல்ட்டின் நூலை 5 செ.மீ. குறைத்துக் கட்டச் சொல்லுங்கள், 10 வந்துவிடும். நீளத்தை எதிலிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்பதைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பதைவிட இது ஆழமாக நிற்கும்.

இன்னும் சில

5 மி.லி. சிரிஞ்சையும் 20 மி.லி. சிரிஞ்சையும் சிறு குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினால், அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கல் விதி கையில் தெரியும்: பெரியதைக் கட்டைவிரலால் அடக்கிப் பிடித்தாலும் சின்னதை அழுத்துபவர் ஜெயித்துவிடுவார். தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்தால் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும்.

பழைய சிடியும் டிவிடியும் கலந்தே வரும், கலந்தே வைத்துக்கொள்ளுங்கள். சிடியில் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. ஆகவே டிவிடி வண்ணங்களை அகலமாகப் பிரிக்கும். ஒரே விளக்கை இரண்டிலும் பார்த்து ஒப்பிடலாம்.

மோட்டார் கம்பியில் ஆணியைச் சுற்றி மின்காந்தம் செய்யும்போது கம்பியின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்க்க மறக்காதீர்கள், மேலே மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சு இருக்கும். வேறு வேறு ஆணிகள் வந்திருந்தால் இன்னும் நல்லது. மின்சாரத்தை நிறுத்தியதும் மெதுவிரும்பு ஆணி குண்டூசிகளைக் கிட்டத்தட்ட எல்லாம் உதிர்த்துவிடும். எஃகு சிலவற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பெரிய கருவி ஒன்று வந்தால்

யாராவது ஒரு நுண்ணோக்கி கொடுக்க முன்வரலாம். மகிழ்ச்சியோடு வாங்குங்கள், ஆனால் கண்ணாடித் தகடும் மூடுதகடும் கூடவே கேளுங்கள். அவை இல்லாமல்தான் பல நுண்ணோக்கிகள் அலமாரியில் தூங்குகின்றன. ஒரே கருவி என்பதால் வரிசையில் நின்று ஒரு நொடி எட்டிப் பார்க்கும் காட்சியாக அது மாறிவிடும். அதைத் தவிர்க்க, நான்கைந்து வேலைகளை வகுப்பில் தனித்தனி மேசைகளில் வைத்து, நுண்ணோக்கியை அவற்றில் ஒன்றாக்குங்கள். வெங்காயத் தோலை உரிப்பது, அயோடின் விட்டுத் தகடு தயாரிப்பது, 40 மடங்கில் தொடங்கி 400-க்குப் போவது, பார்த்ததை வரைவது என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு குழுவும் தானே செய்யட்டும்.

தீர்ந்துபோகும் பொருட்கள்

கொடுப்பவர்கள் நிலைத்து நிற்கும் பொருளைத் தரவே விரும்புவார்கள். ஆனால் வகுப்பு நின்றுபோவது பெரும்பாலும் ஒட்டும் டேப், நூல், வடிதாள், சோடா உப்பு, பேட்டரி இவை தீர்வதால்தான். என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் இவற்றைச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்: பொருள், எண்ணிக்கை, வந்த தேதி, கொடுத்தவர், எந்தப் பாடத்தில் பயன்பட்டது. பெட்டிகளைப் பொருளின் பெயரால் வைப்பதைவிடப் பாடத்தின் பெயரால் வையுங்கள். “ஊசல்” என்று எழுதிய பெட்டியில் நூல், போல்ட், அளவுகோல் எல்லாம் ஒன்றாக இருந்தால், உங்களுக்குப் பதிலாக வேறு ஆசிரியர் வந்தாலும் வகுப்பு நடக்கும். ஒரு வருடம் முழுக்கத் தொடாத பொருளை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். தீர்ந்த பேட்டரியும் உடைந்த மின்பொருளும் மின்கழிவு சேகரிப்புக்குப் போக வேண்டும், குப்பைத்தொட்டிக்கு அல்ல.

கொடுத்தவருக்கு எழுதுவது

நன்றி என்று மட்டும் எழுதாமல், அவர் பொருளால் என்ன தெரியவந்தது என்று மாணவர்கள் எழுதட்டும். “உங்கள் கண்ணாடி எண் 14. அதன் குவியத்தூரம் 40 செ.மீ., ஆகவே பவர் பிளஸ் 2.5 என்று கண்டுபிடித்தோம். சரியா?” என்று ஒரு கடிதம் போனால் பதில் வராமல் இருக்காது. மாணவர்களின் முகம் தெரியும் படத்தை அனுப்புவதாக இருந்தால் வீட்டாரின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். அட்டையில் விழுந்த மரத்தின் படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, பார்ப்பவருக்கும் அதுதான் சுவையாக இருக்கும். கடிதத்தின் கடைசி வரியில் அடுத்த பாடம் என்ன, அதற்கு என்ன பொருள் எத்தனை தேவை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.